கடற்பாலத்தில் இருந்த கதவு



தீபாவளிக்குத் துணி எடுக்கவும், சிராங்கூன் ரோட்டில் சாமான் வாங்கவும், உறவினர் வீட்டு விசேஷங்களுக்கும் ஜொகூர்த் தோட்டங்களிலிருந்து சிங்கப்பூருக்குப் போய் வருகிறவர்கள் உண்டு. ஜொகூர் பாருவில் 170ஆம் எண் பஸ் ஏறினால் அது குவீன் ஸ்திரீட்டில் கொண்டுபோய் இறக்கிவிடும். அங்கிருந்து ரோச்சோர் கால்வாயைத் தாண்டி நடந்தால் தேக்கா. நடுவில் நாம் கடப்பது ஜொகூர் நீரிணையின் கடற்பாலம். சோதனைச் சாவடியில் எவ்வளவு கூட்டமோ என்ற கவலையில் அந்தப் பாலத்தைத் திரும்பிப் பார்க்கக்கூட நமக்கு நேரம் இருப்பதில்லை.

அந்தக் கடற்பாலத்தில் ஒரு காலத்தில் ஒரு கதவு இருந்தது. மனிதருக்கான கதவு அன்று, படகுக்கான கதவு. அதற்கு மேலே ஒரு சிறு பாலமும் இருந்தது. படகு வந்தால் பாலம் எழுந்து வழிவிடும். படகு போனதும் இறங்கி ரயிலுக்கும் மாட்டு வண்டிக்கும் வழிவிடும். 1942இல் அது அழிந்தது. பிறகு அதை யாரும் திரும்பக் கட்டவில்லை. அந்தக் கதவு எதற்காக வைக்கப்பட்டது, அது எப்படி வேலை செய்யும், அது போனதால் என்ன ஆயிற்று என்பதைத்தான் இன்றைய பேச்சில் பார்க்கப் போகிறோம்.

முதலில் கதவைப் பற்றித் தெரிந்துகொள்வோம். ஆங்கிலத்தில் லாக் என்று சொல்லும் இந்த அமைப்பை நாம் பூட்டு மதகு என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு கால்வாயில் ஒரு பக்கம் நீர் உயரமாகவும் மறுபக்கம் தாழ்வாகவும் நிற்கிறது. படகு தாழ்விலிருந்து மேட்டுக்குப் போக வேண்டும். மனிதன் என்றால் படி ஏறுவான். படகு எப்படி ஏறும்?

வழி எளியது. கால்வாயில் சற்று இடைவெளி விட்டு இரண்டு கதவுகள் வைப்பார்கள். இடையில் இருப்பது ஓர் அறை போல ஆகிறது. தாழ்ந்த பக்கத்துக் கதவைத் திறந்து படகை அறைக்குள் விடுவார்கள். பின்னால் கதவை மூடுவார்கள். மேட்டுப் பக்கத்துக் கதவில் இருக்கும் சிறு திறப்பை மட்டும் மெல்லத் திறந்தால், மேட்டு நீர் அறைக்குள் வந்து நிறையும். நீர் உயர உயரப் படகும் தானே உயரும். இரண்டு பக்கமும் நீர் சமமானதும் மேட்டுக் கதவைத் திறந்தால் படகு வெளியே போய்விடும். இறங்கும் படகுக்கு இதையே தலைகீழாகச் செய்ய வேண்டும். இதில் பம்பு கிடையாது, என்ஜின் கிடையாது. தூக்குகிற வேலையை நீரே செய்துவிடுகிறது. 1914இல் திறக்கப்பட்ட பனாமாக் கால்வாயில் பெரிய கப்பல்கள் 26 மீட்டர் உயரம் ஏறி இறங்குவதும் இதே முறையில்தான்.

நீர் சமமாகும் முன்பே அவசரப்பட்டுக் கதவைத் திறந்தால் என்ன என்று பிள்ளைகள் கேட்கலாம். திறக்கவே முடியாது. 2 மீட்டர் அகலமுள்ள கதவின் ஒரு பக்கம் 1 மீட்டர் ஆழத்துக்கு நீர் நிற்கிறது, மறுபக்கம் நீர் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த நீர் ஏறக்குறைய ஒரு டன் எடைக்குச் சமமாகக் கதவை அழுத்தும். பத்து ஆள் சேர்ந்து தள்ளினாலும் அசையாது. நீர் சமமாகிவிட்டால் ஒரே ஆள் சாவதானமாகத் தள்ளித் திறந்துவிடலாம். ஆகவே பூட்டு மதகில் பலத்தைவிடப் பொறுமைக்குத்தான் வேலை.

தமிழ்நாட்டில் இருந்து வந்த நம் முன்னோர்களுக்கு இந்த மதகு புதிதல்ல. சென்னை வழியாகக் கடலோரமாக ஓடும் பக்கிங்ஹாம் கால்வாயில் கடல்நீரின் ஏற்ற இறக்கத்தைச் சமாளிக்க இப்படிப்பட்ட மதகுகள் இருந்தன. நெல்லும் உப்பும் விறகும் அந்தக் கால்வாயில் படகேறிச் சென்னைக்கு வந்தன. 1877-78 பஞ்சத்தில் பசியால் வாடிய மக்களுக்குக் கூலி கொடுத்து, அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் 8 கிலோமீட்டர் பகுதியை வெட்டினார்கள். அந்தப் பஞ்ச காலத்தில் கால்வாய் வெட்டப் போனவர்களும் உண்டு. கடல் கடந்து தோட்டங்களுக்குப் போனவர்களும் உண்டு.

இனி, பாலத்துக்கு வருவோம். கால்வாய் என்றால் அதைக் கடந்து நடக்க ஆட்கள் இருப்பார்கள். உயரமாகப் பாலம் கட்டினால் செலவு. ஏறி இறங்கவும் சிரமம். தாழ்வாகக் கட்டினால் படகு முட்டும். இதற்காகத்தான் பல நாடுகளில் பூட்டு மதகின் பக்கத்திலேயே நகரும் பாலம் ஒன்றை அமைத்தார்கள். படகு எப்படியும் மதகில் நின்றுதான் போக வேண்டும். அது நிற்கும் நேரத்தில் பாலத்தை நகர்த்திவிடலாம். மதகைக் கவனிக்கும் ஆளே பாலத்தையும் கவனித்துக்கொள்வான்.

நகரும் பாலங்களில் சிறியதும் எளியதும் சுழல் பாலம். ஆட்டுக்கல்லின் குழவி இருந்த இடத்திலேயே சுற்றுவதுபோல, இந்தப் பாலம் கரையில் ஊன்றிய ஓர் இரும்பு முளையின் மேல் சுற்றும். பாலத்தின் நீண்ட கை நீருக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும். குட்டையான கை கரைப் பக்கம் இருக்கும். நீண்ட கை பாரத்தால் சாய்ந்துவிடாதா? சாயாது. குட்டைக் கையில் கல்லோ இரும்போ வைத்துப் பாரத்தைச் சமன் செய்திருப்பார்கள். தோட்டத்தில் காண்டாக்கம்பு தூக்கியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இரண்டு வாளியிலும் பால் சமமாக இருந்தால் தோள் வலித்தாலும் நடை தடுமாறாது. ஒரு வாளி மட்டும் நிறைந்திருந்தால் நாலடி வைக்க முடியாது. பாலம் சமனாக இருப்பதால்தான், பல டன் எடையுள்ள சுழல் பாலத்தைக்கூட ஓர் ஆள் கையால் தள்ளித் திருப்ப முடிகிறது. திரும்பி வந்ததும் அதன் நுனியை எதிர்க்கரையில் ஆப்பு வைத்து இறுக்குவார்கள். அப்போது நடப்பவர் பாரம் முளையின் மேல் மட்டும் விழாமல் இரண்டு கரைக்கும் பகிர்ந்து போகும்.

சூயஸ் கால்வாயில் 2001இல் திறந்த எல் ஃபெர்டான் ரயில் பாலமும் சுழல் பாலந்தான். இரண்டு கரையிலிருந்தும் இரண்டு கைகள் சுழன்று வந்து நடுவில் சேரும். அந்த இடைவெளி 340 மீட்டர். அளவு எதுவானாலும் தத்துவம் ஒன்றே.

பக்கவாட்டில் சுழல இடம் இல்லாத இடங்களில் பாலத்தை மேலே தூக்குவார்கள். நம்மவர்கள் நன்கறிந்த தூக்குப் பாலம் பாம்பனில் இருந்தது. 1914இல் திறந்த அந்த ரயில் பாலத்தின் நடுப்பகுதியைத் தொழிலாளர்கள் கையால் சக்கரம் சுற்றித் திறப்பார்கள். இரண்டு இலைகளும் வாய் பிளந்தாற்போல மேலே எழும்; கப்பல் நடுவே போகும். 2025இல் அங்கே வந்த புதிய பாலத்தில் 72 மீட்டருக்கு மேல் நீளமுள்ள பகுதி அப்படியே நேராக மேலே உயர்கிறது.

எதுவாக இருந்தாலும் விதி ஒன்றுதான். பாலமும் படகும் ஒரே நேரத்தில் வழி கேட்கக் கூடாது. மாறி மாறிப் போக வேண்டும்.

மாறிக்கொள்ளாத பாலம் என்ன செய்யும்? இதற்குச் சிங்கப்பூர் ஆறே சாட்சி. 1820களின் தொடக்கத்தில், ஜாக்சன் என்ற ராணுவ அதிகாரியின் திட்டப்படி ஆற்றின் குறுக்கே ஒரு மரப் பாலம் கட்டினார்கள். படகுக்குத் திறந்து வழிவிடும் பாலம் அது. இன்று எல்ஜின் பாலம் நிற்கும் இடத்தில்தான் அது இருந்தது. அந்தக் காலத்தில் ஆற்றுப் படகுத் தொழிலில் தென்னிந்தியர் நிறைய இருந்தனர். சூலியா என்று அழைக்கப்பட்ட அவர்கள், கப்பலிலிருந்து சரக்கை இறக்கித் துடுப்புப் போட்டுக் கிட்டங்கிகளுக்குக் கொண்டுவந்தார்கள். பிற்காலத்தில் அந்தத் தொழில் பெரும்பாலும் சீனர் கைக்குப் போயிற்று.

ஆற்றின் வாய்ப்பக்கம் கவெனா பாலம் வந்தது 1869-70ஆம் ஆண்டுகளில். இந்திய அரசின் கீழ் மலாயாக் குடியேற்றங்களை ஆண்ட கடைசி கவர்னர் கவெனாவின் பெயர் அதற்கு வைக்கப்பட்டது. இரும்புப் பகுதிகள் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரிலிருந்து கப்பலில் வந்தன. அவற்றைப் பூட்டிக் கட்டியதில் இந்தியக் கைதிகளின் உழைப்பு உண்டு. சென்னை மாகாணத்திலிருந்தும் வங்காளத்திலிருந்தும் நாடுகடத்தப்பட்ட கைதிகள் 1825 முதல் சிங்கப்பூருக்குக் கொண்டுவரப்பட்டார்கள். அந்நகரின் சாலைகளிலும் பெரிய கட்டடங்களிலும் அவர்கள் கைபட்ட வேலை இருக்கிறது.

கவெனா பாலத்தைத் திறந்து மூடும் பாலமாக அமைக்கத்தான் முதலில் எண்ணினார்கள். கட்டி முடிந்தபோது அது நிலையான பாலமாகவே நின்றுவிட்டது. விளைவு என்ன? கடல்நீர் ஏறி நிற்கும் நேரத்தில் படகு பாலத்தின் அடியில் நுழைய முடியாது, தலை தட்டும். நீர் வற்றும்வரை படகுக்காரர் காத்திருக்க வேண்டும். சரக்கு தாமதமானால் கூலியும் தாமதமாகும். மேலே நடப்பவர்களுக்குக் கிடைத்த வசதிக்குக் கீழே துடுப்புப் போட்டவர்கள் தங்கள் நேரத்தால் விலை கொடுத்தார்கள்.

மேலே வண்டிகளும் பெருகின. பாலம் தாங்கவில்லை. 1910இல் பக்கத்தில் ஆண்டர்சன் பாலம் திறந்தபின், கவெனா பாலம் நடப்பவர்களுக்கான பாலமாயிற்று. 3 அந்தர், அதாவது சுமார் 150 கிலோவுக்கு மேல் எடையுள்ள வண்டிகளும், மாடுகளும் குதிரைகளும் அதில் போகக் கூடாது என்ற அறிவிப்புப் பலகையை இன்றும் அங்கே காணலாம். தேக்காப் பக்கம் மாட்டுப் பட்டிகள் இருந்த காலத்து வண்டிக்காரர்களுக்கு அந்தப் பலகை சொன்ன சேதி, ‘சுற்றிக்கொண்டு போ’ என்பதுதான். 2019இல் கவெனா, ஆண்டர்சன், எல்ஜின் பாலங்கள் மூன்றையும் சேர்த்துச் சிங்கப்பூர் அரசு தேசிய நினைவுச் சின்னமாக அறிவித்தது.

இப்போது ஜொகூர் நீரிணைக்குத் திரும்புவோம். 1909 வாக்கில் ஜொகூர் ரயில் பாதை முடிந்து, வடக்கேயிருந்து ஜொகூர் பாரு வரை ரயில் வந்தது. சிங்கப்பூரிலும் ரயில் இருந்தது. நடுவில் கடல். பயணிகள் இறங்கிப் படகில் கடந்தார்கள். சரக்கு வண்டிகளை மிதவைகளில் ஏற்றிக் கொண்டுபோனார்கள். ரப்பர் தோட்டங்கள் பெருகியதும் சரக்குத் தேங்கியது. ஆகவே நீரிணையின் குறுக்கே பாதை போட முடிவாயிற்று.

நாம் கடற்பாலம் என்று சொன்னாலும் அது தூண்களின் மேல் நிற்கும் பாலம் அல்ல. கடலில் கல்லைக் கொட்டி எழுப்பிய கரை. புலாவ் உபின் தீவிலிருந்தும் புக்கிட் தீமாவிலிருந்தும் கல் வெட்டி வந்தது. 1920இல் அடிக்கல் நாட்டினார்கள். 1923 செப்டம்பரில் சரக்கு ரயிலும், அக்டோபர் முதல் தேதி பயணி ரயிலும் ஓடின. 1924 ஜூன் 28ஆம் தேதி முறைப்படி திறப்பு விழா நடந்தது. நீளம் 3,465 அடி, அகலம் 60 அடி. இரண்டு ரயில் தடம், ஒரு சாலை, தண்ணீர்க் குழாய் எல்லாம் அதன்மேல் போயின.

கரை போட்டால் கடல் இரண்டாகப் பிரிந்துவிடும். நீரிணையில் கிழக்கும் மேற்குமாக ஓடிய சிறு படகுகள் என்ன செய்யும்? சிங்கப்பூர்த் தீவையே சுற்றிக்கொண்டு போக வேண்டும். ஆகவே ஜொகூர்க் கரைப் பக்கத்தில் 170 அடி நீளமும் 32 அடி அகலமும் உள்ள பூட்டு மதகு ஒன்றை அமைத்தார்கள்.

இரண்டு பக்கமும் கடல்தானே, எதற்குப் பூட்டு மதகு, ஒரு வாய்க்கால் விட்டால் போதாதா என்று தோன்றும். கடல்நீர் தீவின் கிழக்கிலிருந்தும் மேற்கிலிருந்தும் நீரிணைக்குள் ஏறி வருகிறது. நடுவில் கரை நின்றதும், இரண்டு பக்கமும் நீர் எப்போதும் ஒரே மட்டத்தில் இருப்பதில்லை. குறுகிய திறப்பு மட்டும் விட்டால் அதில் நீர் ஆற்று வெள்ளம்போல் பாய்ந்து படகைப் புரட்டிவிடும். கதவு இருந்தால் நீரைச் சமன் செய்து அமைதியாகக் கடத்திவிடலாம்.

மதகின் மேலே ரயிலும் சாலையும் போவதற்கு மின்விசையால் தூக்கும் பாலம் வைத்தார்கள். இரண்டு ரயில் தடத்தையும் சாலையையும் சேர்த்துத் தாங்கும் அகலமான பாலத்தைப் பக்கவாட்டில் சுழற்ற நிறைய இடம் வேண்டும். மேலே தூக்கினால் அந்தச் சிக்கல் இல்லை. இப்படி, தோட்டத்து ரப்பரை ஏற்றிய ரயிலும், கீழே சாமான் ஏற்றிய சிறு படகும் ஒரே இடத்தில் மாறி மாறிப் போயின.

பிறகு யுத்தம் வந்தது. 1942 ஜனவரி 31ஆம் தேதி, மலாயாவிலிருந்து பின்வாங்கிய பிரிட்டிஷ் படைகள் சிங்கப்பூருக்குள் போனதும் கடற்பாலத்துக்கு வெடி வைத்தார்கள். ஒரு வெடியில் பூட்டு மதகின் தூக்குப் பாலம் சிதைந்தது. இன்னொரு வெடியில் கரையில் சுமார் 70 அடி இடைவெளி விழுந்தது. ஜொகூரிலிருந்து சிங்கப்பூருக்குப் போன தண்ணீர்க் குழாயும் அறுந்தது. அக்கரையில் அண்ணனும் இக்கரையில் தம்பியுமாக இருந்த குடும்பங்களுக்கு வழி அற்றுப்போயிற்று. ஆனால் படையைத் தடுக்க அது போதவில்லை. ஜப்பானியர் பிப்ரவரி 8ஆம் தேதி இரவு படகுகளில் நீரிணையைக் கடந்தார்கள். பிப்ரவரி 15ஆம் தேதி சிங்கப்பூர் வீழ்ந்தது. உடைந்த இடத்தில் ஜப்பானியர் தற்காலிகப் பாலம் போட்டுக்கொண்டார்கள்.

யுத்தம் முடிந்தபின் 1946இல் பாதையைச் சீர்செய்தார்கள். சாலை வந்தது, ரயில் வந்தது. பூட்டு மதகை மட்டும் மறுபடி அமைக்கவில்லை. அதைப் பயன்படுத்திய படகுகள் குறைவு; செலவுக்கு ஏற்ற பலன் இல்லை என்று முடிவு செய்தார்கள். கணக்குப் பார்த்தால் அந்த முடிவில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்தக் குறைவான படகுகளில் இருந்தவர்களுக்கு அது குறைவான நஷ்டம் அல்ல. அன்று முதல் கிழக்கு நீரிணையும் மேற்கு நீரிணையும் படகுக்கு இரண்டு தனிக் கடல்களாகிவிட்டன. நீரும் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் கலந்து ஓட வழியில்லை.

1998இல் துவாஸில் இரண்டாம் இணைப்பு திறந்தபோது கல்லைக் கொட்டிக் கரை போடவில்லை. தூண்களின் மேல் உயர்ந்த பாலமாகக் கட்டினார்கள். கீழே நீரும் ஓடுகிறது, படகும் போகிறது. திறந்து மூடவும் தேவையில்லை.

சிங்கப்பூர் நகரத்திலோ கதவு வேறு உருவத்தில் வந்திருக்கிறது. 2008இல் மரினா அணைக்கட்டு திறந்தது. 350 மீட்டர் நீளம், 9 இரும்புக் கதவுகள். மழை கொட்டும்போது கடல் வற்றியிருந்தால் கதவைத் திறந்து வெள்ளத்தை வெளியே விடுகிறார்கள். கடல் ஏறியிருந்தால் கதவை மூடிக்கொண்டு, 7 பெரிய பம்புகளால் நீரை இறைத்துக் கடலில் கொட்டுகிறார்கள். தீவின் ஆறில் ஒரு பங்கு நிலத்து மழைநீர் இந்த நீர்த்தேக்கத்துக்கு வருகிறது. குட்டி இந்தியாவுக்கு அடுத்துள்ள ஜாலான் புசார் போன்ற தாழ்ந்த பகுதிகளுக்கு வெள்ளத்திலிருந்து பாதுகாப்பு, நகரத்துக்குக் குடிநீர்.

தேக்காவுக்குப் போகும்போது நாம் தாண்டும் ரோச்சோர் கால்வாயும் இந்தத் தேக்கத்தோடு சேர்ந்ததுதான். அதன் கரையில் வளர்ந்த சிறு மூங்கில்களை வைத்துத்தான் சீனர் அந்த இடத்துக்குத் தேக்கா என்று பெயரிட்டார்கள். முன்பு அதில் கடல்நீர் ஏறி இறங்கும். இப்போது இல்லை. கவெனா பாலத்தின் அடியிலும் இப்போது கடலின் ஏற்றமும் இல்லை, வற்றமும் இல்லை. நீர் வற்றட்டும் என்று காத்திருந்த சரக்குப் படகுகளும் இல்லை. 1983இல் அவை பாசிர் பாஞ்சாங் பக்கம் மாற்றப்பட்டுவிட்டன.

நேயர்களே, ஒரு பாதை போடும்போது குறுக்கே இன்னொரு பாதை அடைபடலாம். இது கடலில் மட்டும் நடப்பதல்ல. நம் தோட்டத்தில் ஓடையின் குறுக்கே மண் போட்டு லோரிப் பாதை அமைக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அடியில் போதிய குழாய் வைக்காவிட்டால், மழைக்காலத்தில் நீர் தேங்கி லயத்துக்குள் வரும். மண் போடும் முன்பே ‘தண்ணீர் எந்தப் பக்கம் போகும்? பிள்ளைகள் பள்ளிக்கு எந்தப் பக்கம் போவார்கள்?’ என்று கேட்டுவிட்டால் ஒரு குழாயோடும் ஒரு பலகைப் பாலத்தோடும் வேலை முடிந்துவிடும். போட்டு முடித்த பிறகு கேட்டால் உடைத்துத்தான் வைக்க வேண்டும்.

அடுத்த முறை கடற்பாலத்தில் பஸ் ஊர்ந்து போகும்போது, ஜொகூர்க் கரைப் பக்கத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். அங்கேதான் 32 அடி அகலத்தில் படகுக்கு ஒரு கதவு இருந்தது என்று சொல்லுங்கள். இரண்டு பக்கமும் நீர் எப்படி நிற்கிறது என்று அவர்களே பார்த்துக்கொள்ளட்டும்.